சமத்துவம் மைதானத்திலும் வீட்டிலும்

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் விழாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. இலங்கையிலிருந்து சென்ற ஆறு பேரில் மூவர் பெண்கள். அவர்களுள் ஒருவரான தருஷி கருணாரத்ன எமது கண்டி மாவட்டத்தின் வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரியில் பயின்றவர். 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றவரும் இவரே. அவ்விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் 2002இன் பின்னர் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

எண்ணிக்கை சமமாகிவிட்டால் சமத்துவம் வந்துவிட்டதாகுமா? கிரிக்கெட்டைப் பாருங்கள். இலங்கைப் பெண்கள் அணி 1998இல் கொழும்பில் பாகிஸ்தானுடன் ஒரு டெஸ்ட் போட்டியில் ஆடி வென்றது. அதன்பின் கால் நூற்றாண்டு கடந்தும் இரண்டாவது டெஸ்ட் அவர்களுக்குக் கிட்டவில்லை. இத்தனைக்கும் 2024இல் தம்புள்ளையில் இந்தியாவை வீழ்த்தி ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியவர்கள் அவர்கள். உலகக் கிண்ணப் பரிசுப் பணத்தை இருபாலாருக்கும் சமமாக்குவதாக சர்வதேச கிரிக்கெட் சபை 2023இல் அறிவித்தது. இதை நாம் வரவேற்கின்றோம். ஆனால் பரிசுப் பணம் மேடைவரை வந்து சேர்ந்தவர்களுக்கே உரியது. பாதிவழியில் நின்றுபோன பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன்?

அவர்கள் எங்கே நின்றுபோகின்றார்கள்? நிலத்தை இழந்து புதிய குடியிருப்பில் வாழ்வைத் தொடங்கும் குடும்பத்தில் வேலைக்குக் குறைவில்லை. பாடசாலை விட்டதும் மகன் மைதானத்துக்கு ஓடுகின்றான். மகள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகின்றாள். அவள் பெரியபிள்ளையானதும் ஓட்டமும் நின்றுவிடுகின்றது. சப்பாத்து ஒரு சோடிதான் வாங்கலாம் என்றால் அது மகனுக்கே. பயிற்சி முடிந்து இருட்டில் பஸ்ஸில் வரவேண்டுமே என்ற பெற்றோரின் பயத்தை நாம் குறை கூறமாட்டோம். அந்தப் பயத்தைப் போக்குவது விளையாட்டை நடத்துவோரின் கடமை. பெண் பொறுப்பாளர், உடைமாற்ற ஓர் அறை, மலசலகூடம், பாதுகாப்பான விடுதி, தொல்லை நேர்ந்தால் அச்சமின்றி முறையிட ஓர் இடம் ஆகியவை இல்லாத கொள்கை வெறும் காகிதமே.

கிராமத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எட்டாக்கனி என்பாரும் உளர். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகின்றோம்.

எனவே மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் செய்யக்கூடியவை உண்டு. வாரத்தில் எத்தனை மணிநேரம் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு என்று அதிபரிடம் கேளுங்கள். விளையாட்டுக்கு வரும் பணத்தில் அவர்களின் பங்கு எவ்வளவு என்று பிரதேச விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பயிற்சி முடிந்து வரும் பிள்ளைகளை நாலு வீட்டார் முறைவைத்து அழைத்து வாருங்கள்.

வீட்டில் ஒரு மாற்றத்தை இன்றே தொடங்கலாம். அந்தக் குடத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் மகனும் சுமக்கட்டும்.