ஏதோ ஒரு பறவை

அண்மைக்காலச் சிறுகதைகளில் 'ஏதோ ஒரு பறவை' அடிக்கடி குரலெழுப்பிச் செல்கிறது. பெயரில்லாத பூச்சிகள் விளக்கைச் சுற்றுகின்றன. இதை நடையின் குறையாக நாம் கருதவில்லை. பார்வையின் குறையாகவே கருதுகிறோம். கோடை விடுமுறைக்குக் கிராமம் செல்லும் இலக்கிய வாசகர்கள் பையில் ஒரு புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தைத் தோட்டத்திற்கும் முற்றத்திற்கும் அளிக்கலாம்.

நம் உயிரினப் பெயர்களில் பல, யாரோ பொறுமையுடன் பார்த்ததன் சுருக்கம். இலையின் ஓரங்களை நாரால் தைத்துக் கூடமைப்பது தையல்சிட்டு. வைகறையிலும் அந்தியிலும் குரல் கொடுப்பது ஆறுமணிக்குருவி. பனிக்காலத்தில் இங்கு வந்து தங்கிக் கோடையில் வடக்கே திரும்பிவிடும் அதனை, மே மாதத்தில் தேடுவது வீண். வீட்டோரப் புழுதியில் புனல் போலக் குழி பறித்து, அடியில் புதைந்தபடி எறும்புக்குக் காத்திருக்கும் பூச்சியைக் குழியானை என்பர் சிலர். குழிநரி என்பர் வேறு சிலர். ஓர் இளம்புழுவில் ஒருவர் யானையையும் மற்றவர் நரியையும் கண்டிருக்கிறார்கள். உவமை பிறக்கும் இடம் இதுவன்றோ? அதுவே வளர்ந்தபின் தட்டானைப் போன்ற சிறகுப் பூச்சியாகிப் பறந்துவிடுகிறது.

நேரில் பார்ப்பது கவிமரபையும் உரசிப் பார்க்கும். கோடை முழுதும் உரக்கக் கூவும் கருங்குயில் ஆண். பெண்குயிலோ பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டது. காகத்தின் கூட்டில் முட்டையிடுவது அதுதான். குயிலைப் பெண்ணாக்கிப் பாடிய கவிதைகளின் அழகு இதனால் குன்றிவிடாது. கவிஞன் கண்டது எது, கேட்டுப் பழகியது எது என்று பிரித்தறியும் வாசிப்பு நமக்கு வாய்க்கும்.

இவையெல்லாம் அறிவியலாரின் பணி, இலக்கியத்திற்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) அதற்கு விடையாக வாழ்ந்தவர். காட்டுயிர்களை வாழ்நாளெல்லாம் கூர்ந்து நோக்கிய அவர், தமிழிலும் அவற்றைப் பற்றி எழுதினார்.

அவசரமும் இருக்கிறது. முற்றத்திற்குச் சிமெண்ட் பூசியபின் குழியானைக்கு அங்கே இடமில்லை. பெயர் அகராதியில் தங்கலாம். ஆனால் அதற்குள் இருக்கும் யானை எவருக்கும் தெரியாது. ஆகவே இந்தக் கோடையில் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு பூச்சியின் பெயரையேனும் கேட்போம். பிறகு, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளங்கும்வரை அதன் அருகே உட்கார்ந்திருப்போம்.