பார்க்கப் போகலாமா?



உங்கள் ஊருக்குள் காட்டு விலங்கு ஒன்று வழிதவறி வந்துவிட்டதாகச் செய்தி பரவுகிறது. அடுத்த நிமிடம் வீட்டில் என்ன பேச்சு எழும்? "வாங்க, போய்ப் பார்த்துட்டு வருவோம்!" என்பதுதானே? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் எழுந்தது.

ஒரு கோடை விடுமுறையில் கொடைக்கானலில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். தெருக்கோடியில் காட்டெருமை நிற்கிறது என்றார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நானும் ஓடினேன். அங்கே ஏற்கெனவே நாற்பது, ஐம்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் கைபேசியை நீட்டியபடி ஓரடி, ஈரடியாக முன்னேறினோம். காட்டெருமை உரக்க மூச்சுவிட்டது. பிறகு சட்டெனத் திரும்பி, ஒரு கம்பிவேலியைக் கிழித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கி மறைந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்று ஆறுதலாகப் பேசிக்கொண்டோம். என் மகள் மட்டும் வேலிக் கம்பியில் இருந்த இரத்தத்தைக் காட்டி, "அதுக்கு அடிபட்டிருக்கேப்பா?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நான் இயற்பியல் ஆசிரியன். என் மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் சொல்வது வழக்கம். நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பெரிய பாத்திரம் நிறைய வெந்நீர் வைத்து அதில் வெப்பமானியை வையுங்கள். நீரின் வெப்பநிலையில் மாற்றம் எதுவும் தெரியாது. அதே வெப்பமானியை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் வையுங்கள். வெப்பமானி தன்னைச் சூடாக்கிக்கொள்ள நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், நீர் ஆறிவிடும். அளக்கப் போன கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொண்ட விலங்கு, அந்தத் தேக்கரண்டி நீரைப் போன்றது. வெப்பமானிகளோ ஐம்பது!

"நான் ஒருவன் பார்த்தால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பீர்கள். நார்வே நாட்டில் 2022-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

வால்ரஸ் என்பது வடதுருவக் கடல்களில் வாழும் நீண்ட தந்தமுடைய பாலூட்டி. ஏறத்தாழ 600 கிலோ எடையுள்ள இளம் பெண் வால்ரஸ் ஒன்று, அந்த ஆண்டு ஜூலை மாதம் தலைநகர் ஆஸ்லோவை ஒட்டிய கடலுக்கு வந்து சேர்ந்தது. ஃப்ரேயா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நீந்திக் களைத்த வால்ரஸ், பனிக்கட்டியிலோ கரையிலோ ஏறி நெடுநேரம் ஓய்வெடுக்கும். ஃப்ரேயா அங்கே நின்ற படகுகளில் ஏறிப் படுத்தது. சில படகுகள் மூழ்கின. செய்தி கேட்டு மக்கள் குழந்தைகளோடு திரண்டார்கள். சிலர் அதன் மேல் பொருள்களை எறிந்தார்கள். சிலர் அதனருகே நீந்தினார்கள். விலகியிருங்கள் என்று மீன்வளத்துறை பலமுறை எச்சரித்தும் பயனில்லை. வேறிடத்துக்குக் கொண்டுபோவதில் ஆபத்து மிகுதி என்று அத்துறை கருதியது. மனித உயிருக்கு ஆபத்து வரும் என்று கூறி, ஆகஸ்டு 14 அன்று அந்த விலங்கைக் கொன்றுவிட்டார்கள்.

இந்த முடிவை அறிஞர்கள் சிலர் கண்டித்தார்கள். இன்னும் பொறுத்திருக்கலாம் என்பதே என் கருத்தும். ஆனாலும் அதிகாரிகளை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? ஃப்ரேயாவைக் காண வந்த குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் அதன் மேல் அன்பு கொண்டவர்களே. 2023-இல் அதற்கு ஆஸ்லோவில் வெண்கலச் சிலைகூட வைத்தார்கள். அந்த அன்பில் இருபது, முப்பது அடி தூரமும் சேர்ந்திருந்தால் சிலைக்குத் தேவை வந்திராது.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? ஆர்வம் இல்லாமல் அறிவியல் ஏது? தாராளமாகப் பாருங்கள், ஆனால் நல்ல சோதனையாளரைப் போலப் பாருங்கள். ஊருக்குள் வந்தது யானையோ சிறுத்தையோ என்றால் வீட்டுக்குள் இருந்துகொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பார்க்க எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். 80 மீட்டரில் நிற்பது 10 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். மேய்வதை நிறுத்தி விலங்கு உங்களை நோக்கித் தலையைத் தூக்கினால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். உடனே பின்வாங்குங்கள். மிரண்டு நிற்கும் விலங்கைப் பார்த்து அதன் இயல்பை அறிய முடியாது. அது போன பிறகு, பெரியவர் துணையோடு சென்று குளம்படித் தடத்தின் நீளத்தையும், தடத்துக்குத் தடம் உள்ள இடைவெளியையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐம்பது கைபேசிப் படங்களில் கிடைக்காத செய்தி அதில் கிடைக்கும்.

அடுத்த முறை வீட்டில் "வாங்க, பார்த்துட்டு வருவோம்" என்று யாராவது கிளம்பினால், "எவ்வளவு தூரத்திலிருந்து?" என்று கேளுங்கள். அன்று நான் அதைக் கேட்கவில்லை.