மிதிப்பவனுக்கே தெரியும் பாரம்!

2016-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்திலுள்ள பேட்டில் மவுண்டன் என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே பொட்டல் வெளியின் நடுவே நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது ஒரு தார்ச் சாலை. அதில் மீன் வடிவில் ஒரு விசித்திர வண்டி சீறிப் பாய்ந்து வந்தது. அதற்குக் கண்ணாடி ஜன்னல் கூடக் கிடையாது. உள்ளே ஒருவர் மல்லாந்து சாய்ந்தபடி, காமிரா காட்டும் சாலையைச் சிறு திரையில் பார்த்துக்கொண்டே மிதித்தார். அந்த வண்டிக்கு எஞ்சின் இல்லை, பெட்ரோல் இல்லை, அதை ஓட்டியவை இரண்டு கால்கள்தாம். வேகமோ மணிக்கு 144.17 கிலோ மீட்டர்!

'ஈட்டா' என்பது அந்த வண்டியின் பெயர். அதை மிதித்தவர் டாட் ரைக்கர்ட். கானடாவில் டொரான்டோ பல்கலைக் கழகத்தில் படித்தவர். வண்டியின் வடிவத்தைக் கணக்கிட்டு அமைத்தவர்களில் ஒருவரும் அவரே. சமைத்தவர் பரிமாறிவிட்டு ஒதுங்கிக் கொள்ளாமல், தாமே முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது போன்ற காரியம் இது.

மனித சக்தியால் ஓடும் வண்டிகளை மாணவர்களே அமைத்துப் பந்தயம் விடும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. "இந்த மோட்டார் யுகத்தில் மிதிவண்டிப் பந்தயத்தால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்போர் உண்டு. பிரயோஜனம் உண்டு. அது வேகத்தில் இல்லை. வண்டியை அமைத்தவனே அதை மிதிக்கிறான் என்ற ஒரே விஷயத்தில் இருக்கிறது.

கால் குதிரைச் சக்தி

ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். ஆரோக்கியமான ஓர் இளைஞன் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் ஏறத்தாழ 150 முதல் 200 வாட் வரை தர முடியும். அதாவது சுமார் கால் குதிரைச் சக்தி. நன்கு பயின்ற பந்தய வீரர் இதைப்போல் இரண்டு பங்கு தரலாம். அதற்கு மேல் நீடித்துத் தருவது மனித உடலுக்கு மிகவும் அரிது.

சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் சாதாரண சைக்கிளில், மிதிப்பவருடைய உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு வரை காற்றை விலக்குவதற்கே செலவாகிவிடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால், காற்றை வெல்ல மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். இருப்பதோ கால் குதிரை! ஆகவே, மோட்டார் வண்டி செய்பவர் எஞ்சினைப் பெரிதாக்கி மறைத்துவிடும் தவறுகளை இங்கே மறைக்க முடியாது. சங்கிலி சற்றே கோணினாலும், சக்கரத்தில் காற்றுக் குறைந்தாலும், சட்டத்தில் வேண்டாத ஒரு கிலோ இரும்பு சேர்ந்தாலும், அமைத்தவனின் தொடைக்கு அது உடனே தெரிந்துவிடும். இவ்வளவு கண்டிப்பான பரீட்சை அதிகாரி வேறு எங்கே கிடைப்பார்?

தடை செய்யப்பட்ட சைக்கிள்

இந்தப் பந்தயங்களின் பின்னணியில் ஒரு பழைய அநீதியும் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் சார்ல்ஸ் மோஷே என்பவர், சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் தாழ்ந்த சைக்கிள் ஒன்றைச் செய்தார். 1914-ல் ஸ்விட்ஸர்லாந்து வீரர் ஆஸ்கார் எக் ஒரு மணி நேரத்தில் 44.247 கி.மீ. ஓட்டிச் சாதனை நிறுவியிருந்தார். அதை ஏறத்தாழ 20 ஆண்டுகள் யாராலும் முறியடிக்க முடியவில்லை. 1933-ல் மோஷேயின் சைக்கிளில் ஏறிய பிரான்ஸிஸ் ஃபோர், முதல் வரிசை வீரர் அல்லர், ஆயினும் 45.055 கி.மீ. ஓட்டிவிட்டார். காற்றுக்கு உடலைக் குறைவாகக் காட்டியதன் பலன் அது.

சர்வதேச சைக்கிள் சங்கம் என்ன செய்தது? அடுத்த ஆண்டே, 1934-ல், "இந்த வடிவம் சைக்கிள் கணக்கில் சேராது" என்று விதியைத் திருத்தி விலக்கிவிட்டது! ஒரு நல்ல யோசனை பல ஆண்டுகள் மூலையில் கிடந்தது.

1970-களில்தான் அதற்கு மறு வாழ்வு வந்தது. கலிபோர்னியாவில் லாங் பீச் நகரின் அரசுப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்த செஸ்டர் கைல், சைக்கிளுக்கு எவ்வளவு காற்றுத் தடை உண்டாகிறது என்பதைத் தம் மாணவர்களுடன் அளந்து பார்த்தார். உருண்டோடும் சைக்கிளை மிதிக்காமல் விட்டு, அதன் வேகம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிடும் எளிய சோதனைதான் அது. பிறகு சைக்கிளுக்கு மேல் ஒரு கூடு போட்டுப் பார்த்தார்கள். வேகம் துள்ளி ஏறியது. 1975 ஏப்ரலில் இர்விண்டேல் என்ற இடத்தில், "வடிவம் எதுவாயினும் சரி, மனித சக்தி ஒன்றால் மட்டும் ஓட வேண்டும்" என்ற நிபந்தனையுடன் பந்தயம் நடந்தது. மறு ஆண்டில் இதற்கென ஒரு சர்வதேசச் சங்கமும் தோன்றியது. பெரிய கம்பெனி எதுவும் தொடங்கிய இயக்கம் அல்ல இது. ஓர் ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் கேட்ட கேள்வியிலிருந்து கிளைத்தது.

விதிகளே ஆசான்

வேகம் ஒன்றே குறி என்றால் இது வெறும் வேடிக்கையாக நின்றுவிடும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் கல்லூரி மாணவர்களுக்கு நடத்திய போட்டியின் விதிகளைப் பார்த்தால், பயிற்சியின் அருமை புரியும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 8 மீட்டர் ஆரத்துக்குள் திரும்ப வேண்டும். மெதுவாகப் போகும்போதும் தள்ளாடாமல் 30 மீட்டர் நேராக ஓட வேண்டும். வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரின் தலையைக் காக்க ஒரு வளையம் கட்டாயம். மேலிருந்து சுமார் 270 கிலோ பாரமும், பக்கவாட்டில் சுமார் 135 கிலோ பாரமும் தாங்கும் என்று கணக்கிட்டும் சோதித்தும் நிரூபிக்க வேண்டும்.

இவற்றில் தேறிய பிறகுதான் பந்தயம். அதிலும் நேர்கோட்டில் பாய்வது ஒரு பகுதி மட்டுமே. இரண்டரை மணி நேரம் ஓடும் நெடும் பந்தயம் ஒன்று உண்டு. வழியில் மேடுகள், வளைவுகள், நின்று கிளம்ப வேண்டிய இடங்கள். ஒரு மூட்டையை எடுத்துச் சென்று பத்திரமாகச் சேர்க்கும் வேலையும் உண்டு. கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரும் சாதாரண மனிதனின் பாடு அங்கே பாடமாகிறது. பெண்களுக்கும் பந்தயத்தில் இடம் உண்டு. ஆகவே, ஆறடி உயர இளைஞனுக்கு மட்டும் பொருந்தும் ஆசனம் உதவாது.

ஆஸ்திரேலியாவிலோ பள்ளிப் பிள்ளைகளே இதில் இறங்குகிறார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1985-ல் தொடங்கிய 'பெடல் பிரீ' என்ற பந்தயத்தில், மரே பிரிட்ஜ் நகரில் 24 மணி நேரம் ஆள் மாற்றி ஆள் மிதிக்கிறார்கள். விக்டோரியா மாநிலத்தின் மேரிபரோவில் 1991-ல் தொடங்கிய போட்டியில், வண்டியை ஓட்டினால் மட்டும் போதாது. அதை ஏன் இப்படி அமைத்தோம் என்று பிள்ளைகள் நடுவர்களிடம் விளக்கவும் வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளை தன் வேலைக்குத் தானே பதில் சொல்லப் பழகுகிறது. மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் படிப்பில் இதற்கு இடம் ஏது?

மறுப்பவர் சொல்வது

இதற்கு ஆட்சேபங்களும் உண்டு. அவற்றை ஒதுக்கித் தள்ளுவது நியாயமன்று.

முதலாவது, செலவு. உயர்ந்த கரிநார்க் கூடும், வெளிநாட்டுச் சக்கரங்களும் வாங்கும் வசதி படைத்த கல்லூரியே கோப்பையைத் தட்டிச் செல்லும் என்கிறார்கள். உண்மைதான். கடையில் வாங்கிப் பூட்டிய வண்டியால் மாணவன் கற்பது கொஞ்சம். வெல்டிங் பற்றவைத்து, அது விட்டுப்போய், மறுபடி பற்றவைத்த கைக்குத்தான் கல்வி சேரும். ஆதலால் செலவுக்கு உச்ச வரம்பு விதித்து, சொந்தக் கைவேலைக்கு அதிக மார்க்குத் தருவதே முறை.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. "மனிதனை மாடு போல் உழைக்க விடுவது ஒரு பெருமையா? மோட்டார் வைத்தால் தீர்ந்தது!" என்பது அது. அமெரிக்கப் போட்டியிலும் பிற்காலத்தில் மின்மோட்டாருக்கு இடம் கொடுத்தார்கள். மோட்டாரால் ஒருவரின் சுமை இறங்குமானால் அதை வரவேற்கவே வேண்டும். பிறர் வியர்வையைப் போற்றிப் பாடுவது கொடுமை. ஆயினும், கனத்த வண்டிக்குக் கனத்த பாட்டரி தேவை. அந்தப் பாட்டரியைச் சுமக்க இன்னும் கனத்த சட்டம் தேவை. வீணை முதலில் ஒழித்துவிட்டுப் பிறகு மோட்டாரைச் சேர்த்தால் சிறு மோட்டாரே போதும். அந்தச் சிக்கனத்தைக் கால் குதிரைச் சக்தியில் பழகியவனே அறிவான். முதலில் மிதிக்கட்டும், பிறகு மோட்டார் வைக்கட்டும்.

ரைக்கர்ட்டின் குழுவினரே இதற்குச் சாட்சி. மனித சக்தியால் மட்டும் ஒரு நிமிஷம் பறந்து, 3 மீட்டர் உயரம் எட்டி, 10 மீட்டர்ச் சதுரத்தை விட்டு நகராமல் நிற்கும் ஹெலிகாப்டருக்கு 1980-ல் ஒரு பரிசு அறிவிக்கப்பட்டது. 33 ஆண்டுகள் அதை எவராலும் பெற முடியவில்லை. 2013-ல் ரைக்கர்ட்டும் காமரன் ராபர்ட்சனும் மாணவர்களுடன் சேர்ந்து அமைத்த 'அட்லஸ்' அதை வென்றது. பரிசு 2,50,000 டாலர். அப்போதும் மிதித்தவர் ரைக்கர்ட்தான். இடையில் அது உடைந்து விழுந்ததும் உண்டு. விழும் பொறியில் தானே உட்கார்ந்திருப்பவன், கணக்கை ஒரு முறைக்கு இரு முறை சரி பார்ப்பான் அல்லவா?

நம் நாட்டுக்கு என்ன பாடம்?

2010-களில் இந்தியாவிலும் இந்த அமெரிக்கச் சங்கத்தின் போட்டி நடந்தது. நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். மகிழ்ச்சிக்குரிய விஷயமே. ஆனால் நெவாடாவில் மிதிவண்டி ஒரு விளையாட்டு. இங்கே அது பலருக்குச் சோறு. தமிழ்நாட்டில் 1973-ல் கை ரிக்‌ஷா ஒழிக்கப்பட்டது. இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா வழங்கப்பட்டது. அது பெரிய விடுதலை. ஆனால் அந்த சைக்கிள் ரிக்‌ஷாவை எந்தக் கணக்கு அமைத்தது?

இந்திய ஊர்களில் காலமெல்லாம் ஓடிய வழக்கமான சைக்கிள் ரிக்‌ஷாவைப் பாருங்கள். ஒரே பல்சக்கரம், மேடு வந்தால் கியர் மாற்ற வழியில்லை. பிரேக் முன் சக்கரத்துக்கு மட்டும். வெறும் வண்டியே ஓர் ஆளின் எடையை விடக் கனம். அதன் மேல் இரண்டு சவாரி. மேற்சொன்ன 6 மீட்டர் பரீட்சையில் அதை நிறுத்தினால் தேறுமா? போட்டி வண்டிக்கு நாம் கேட்கும் பாதுகாப்பை, நாள் முழுதும் தெருவில் மிதித்தவருக்குக் கேட்கவில்லை. சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டியும், கால் வழங்காதவர் கையால் சுழற்றிச் செல்லும் வண்டியும் இன்றும் இதே நிலையில்தான் ஓடுகின்றன. தோள்பட்டை தேய அந்தக் கைப்பிடியைச் சுழற்றுபவருக்கு, ஐந்து கிலோ குறைந்தால் அது ஐந்து கிலோ அன்று. ஒரு தெரு அதிக தூரம்.

இங்கேதான் மாணவர் போட்டிக்கு உண்மையான களம் இருக்கிறது. இரண்டு ஆள் பாரத்தோடு, மேடு பள்ளச் சாலையில் மிதிக்க வேண்டும். மழையில் நனைந்த பிரேக்கும் பிடிக்க வேண்டும். தெருமுனைச் சைக்கிள் கடையில் பழுது பார்க்க முடிய வேண்டும். விலையும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று விதி செய்யட்டும். கையால் சுழற்றும் வண்டிக்குத் தனிப் பரிசு வைக்கட்டும். நடுவர் வரிசையில் பேராசிரியர்களுக்குப் பக்கத்தில், முப்பது வருஷம் மிதித்த ஒரு வண்டிக்காரருக்கும் நாற்காலி போடட்டும். எந்த வண்டி இழுக்கும், எது முதுகை ஒடிக்கும் என்பதை ஒரு சுற்று ஓட்டியதுமே அவர் சொல்லிவிடுவார்.

பட்டம் பெற்றவன் படம் வரைவதும், படிக்காதவன் பாரம் இழுப்பதுமாக வேலை பிரிந்து கிடக்கும் வரை, வரைந்தவனுக்குப் பாரம் தெரியாது. மாணவன் ஒரு நாளாவது தான் செய்த வண்டியில் பிறரை ஏற்றி மிதிக்கட்டும். அன்று அவன் தொடையில் எடுக்கும் வலி, எந்தப் பாடப் புத்தகமும் தராத பொறியியலை அவனுக்குக் கற்றுக்கொடுக்கும்.