‘வாங்க’ யாருக்கு?

விருந்தினரைத் தெய்வமாக நினையுங்கள் என்று ஒன்றியச் சுற்றுலா அமைச்சகம் ‘அதிதி தேவோ பவ’ விளம்பரங்கள் வழியாக நமக்குப் பல ஆண்டுகள் பாடம் எடுத்தது. அமீர்கானும் வந்து புத்தி சொன்னார். வெளிநாட்டவரிடம் பண்பாக நடந்தால் நாட்டின் பெயர் உயரும், பயணிகள் பெருகுவார்கள் என்பது அதன் கணக்கு.

எங்கள் திருவாதவூருக்கும் ஆட்கள் வருகிறார்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்று பக்தர்கள் வருவார்கள். ஓவாமலையில் சமணர் படுக்கையும் ஈராயிரம் ஆண்டுப் பழைய தமிழிக் கல்வெட்டும் இருப்பதால் வரலாற்று ஆர்வலர்களும், எப்போதாவது ஒரு வெள்ளைக்காரரும் வருவதுண்டு. வழி கேட்டால் மலையடிவாரம் வரை கூடவே நடந்துபோய்க் காட்டிவிட்டு வருவார்கள் எங்கள் ஆட்கள். மரியாதைக்கு இங்கே பஞ்சமே இல்லை. அதைப் பங்கு வைப்பதில்தான் கோளாறு.

தமிழில் மரியாதை ஒரு ‘ங்க’வில் இருக்கிறது. முன்பின் தெரியாத இருபது வயது வெளிநாட்டுப் பையனுக்கு ‘வாங்க, உக்காருங்க’ சொல்லும் வாய், சேரியிலிருந்து வரும் எழுபது வயதுப் பெரியவரை ‘என்னடா, எங்க வந்த?’ என்கிறது. மேலூர் வட்டாரத்து டீக்கடைகளில் இதை என் காதால் கேட்டிருக்கிறேன். பெரியார் தன் இயக்கத்துக்குச் சுயமரியாதை என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

‘எந்த ஊரு தம்பி?’ என்ற விசாரிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்கு அது அன்பான பேச்சு. நமக்கு அடுத்த கேள்வி வரும்: ‘ஊருல எந்தப் பக்கம்?’ அதற்குச் சொல்லும் பதிலை வைத்துத்தான் ‘ங்க’ தங்குமா, போகுமா என்பது முடிவாகும்.

சுற்றுலாப் பயணி என்றதும் கேமராவோடு வரும் வெள்ளைக்காரர் மட்டும் நம் நினைவுக்கு வருவது ஏன்? இந்த நாட்டில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்நாட்டு மக்கள். அம்பேத்கரும் ஒருமுறை சுற்றுலாப் பயணியாகப் போனார். 1934இல் தோழர்கள் சுமார் முப்பது பேருடன் எல்லோரா குகைகளைப் பார்க்கக் கிளம்பியவர், வழியில் தௌலதாபாத் கோட்டையில் இறங்கினார். புழுதி போகக் குளத்துத் தண்ணீரில் முகம் கழுவினார்கள். தீட்டாக்கிவிட்டதாகக் கூட்டம் கூடி வசைபாடியது. கடைசியில், எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவரைக் கூடவே அனுப்பித்தான் கோட்டையைச் சுற்றிப் பார்க்க விட்டார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன் நினைவுக்குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். சொந்த நாட்டில் உலவ விசா வேண்டியிருந்தது!

பிறகு அவர் தலைமையேற்று வரைந்த அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை எல்லாவற்றையும் பெயர் சொல்லியே திறந்துவிடுகிறது. வழிகாட்டிகளுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் பயிற்சி கொடுக்கும்போது ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லக் கற்றுத் தருவதற்கு முன்னால் இந்த ஒரு பிரிவைத் தமிழில் படித்துக் காட்டலாம். விடுதி வரவேற்பறைகளில் எழுதியும் மாட்டலாம். செலவு ஒன்றுமில்லை.

எங்கள் மேலூர் பக்கமே எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் நான் பார்த்திராத ஓர் இடம் இருக்கிறது: மேலவளவு விடுதலைக் களம். தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரான ஒரே ‘குற்றத்துக்காக’ முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பல ஊர்களிலிருந்து மக்கள் அங்கே வந்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அவர்களும் வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகள்தான். அவர்களை எதிர்கொள்ள நிற்பது போலீஸ் வேன்.