அப்பா பட்ட கடன்

திமோ சஹ்யாந்தோ 'நோபடி 2' எடுத்தது பெரிய விசயம்தான், மறுக்கேல்ல. இந்தோனேசியாவில் பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தர் யுனிவர்சல் நிறுவனத்துக்குப் படம் செய்கிறார், பொப் ஓடன்கேர்க் நடிக்கிறார், ஷரோன் ஸ்டோன் வில்லி. 2025 ஓகஸ்டில் படம் வந்த நேரம் நான் இருக்கிற சினிமாக் குறூப்பில் ஒரே வாழ்த்து மழை. "ஆள் வளர்ந்திட்டார்", "இப்பதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறார்" எண்டு. எனக்குக் கடுப்பைக் கிளப்பினது அந்த 'இப்பதான்'. அப்ப இதுக்கு முதல் பதினைஞ்சு வருசமா மனுசன் என்ன செய்துகொண்டிருந்தவராம்?

திமோவைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் ரெண்டு வகை. முதல் வகை, "ரத்தமும் குடலும்தான், கதை எங்க?" என்று கேட்டுப் பாதியில் நிப்பாட்டுகிற ஆக்கள். மற்ற வகை, சண்டைக் காட்சிகளை ஒரு நிமிசத் துண்டுகளாக வெட்டி, கீழே நெருப்புப் படம் போட்டுப் பகிர்கிற ஆக்கள். ஒருத்தரை ஒருத்தர் நக்கலடித்தாலும், அந்தப் படங்களுக்குள் யோசிக்க ஒன்றுமில்லை என்பதில் ரெண்டு பேரும் ஒற்றுமை. நான் சொல்கிறேன், ரெண்டு பேரும் படத்தைப் பார்க்கவே இல்லை.

வரிசையாகப் பாருங்கோ. 'ஹெட்ஷொட்' (2016), கிமோ ஸ்தம்பூலோடு சேர்ந்து எடுத்தது. ஈகோ உவைஸ் தலையில் குண்டுக் காயத்தோடு கரையொதுங்கிக் கிடக்கிறார், பழையது ஒன்றும் ஞாபகமில்லை. போகப் போகத்தான் தெரிகிறது, லீ என்கிற ஒருத்தன் சின்னப் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டுபோய்க் கொலைகாரராக வளர்க்கிறான், இவரும் அப்படி வளர்ந்த ஒருத்தர். இவரைத் தேடி வந்து அடிக்கிற ஆக்கள் கூட வளர்ந்த சகோதரங்கள். அந்தச் சண்டைகளைத் துண்டாக வெட்டிப் பார்த்தால் சிலாட் வித்தை மட்டும் தெரியும். முழுப்படத்தில் பார்த்தால், ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளை அப்பன் ஒருத்தன் மோதவிட்டுப் பார்க்கிறது தெரியும்.

'செபெலும் இப்லிஸ் மென்ஜெம்புட்' (2018). சாத்தான் வந்து கூட்டிக்கொண்டு போக முதல் என்று சொல்லலாம். தகப்பன் பணத்துக்காகப் பேயோடு ஒப்பந்தம் போடுகிறார். காசு வருகிறது, பிறகு போகிறது, ஆள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். விற்க ஏதும் மிச்சம் இருக்கா என்று பழைய வீட்டுக்குப் போகிற பிள்ளைகளிடம்தான் பேய் கணக்குக் கேட்கிறது. 2020இல் வந்த ரெண்டாம் பாகத்தில் ஒரு அநாதை இல்லம், அங்கே பிள்ளைகளை வளர்த்தவனே அவர்களைச் சீரழித்திருக்கிறான், செத்த பிறகும் விடுகிறான் இல்லை. கரெத் எவன்ஸோடு சேர்ந்து செய்த 'சேஃப் ஹேவன்' (2013) குறும்படத்தில் ஒரு மதக்குழு, அதின்ர தலைவனை எல்லாரும் தந்தை என்றுதான் கூப்பிடுவினம். 'த ஷடோ ஸ்ட்ரேய்ஸ்' (2024) நாயகிக்கு வயசு 17. பெயர் கூட இல்லை, 13 என்ற இலக்கம்தான். கொலை செய்யப் பழக்கியிருக்கிறார்கள், அதைத் தவிர வேறு ஒன்றும் பழக்கவில்லை.

இவ்வளவு தரம் ஒரே விசயத்துக்குத் திரும்பி வருகிற ஒருத்தரைப் பார்த்துக் 'கதை இல்லை' என்கிறீர்கள். பெரியவர்கள் பட்ட கடனுக்குப் பிள்ளைகளை அடகு வைக்கிறது, வளர்த்த கையே ஆயுதத்தைக் கொடுக்கிறது. இது கதை இல்லாமல் வேற என்ன? எங்களுக்கு இது ஏன் உறைக்க வேணும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இந்தோனேசியாவிலும் இதுக்கு ஒரு வேர் இருக்கு. சுஹார்த்தோ ஆட்சியில் பேய்ப்படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் முடியும். கடைசியில் மதகுரு வருவார், ஓதுவார், பேய் ஓடிவிடும், ஒழுங்கு திரும்பிவிடும். 1980இல் வந்த 'பெங்காப்டி செத்தான்' நல்ல உதாரணம். அதே ஆட்சிதான் 1984இல் இன்னொரு படம் எடுத்தது, 1965 செப்டெம்பர் 30 ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியைப் பற்றி. நாலு மணித்தியாலத்துக்கு மேல ஓடும். சுஹார்த்தோ 1998இல் விழும்வரை ஒவ்வொரு வருசமும் அதே நாளில் தொலைக்காட்சியில் போட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளையும் பார்க்க வைத்தார்கள். ஜெனரல்களைச் சவரக்கத்தியால் கீறுகிற காட்சியெல்லாம் அதில் இருக்கு. அப்படி ஒரு சித்திரவதை நடந்ததுக்குப் பிரேத பரிசோதனை அறிக்கைகளில் அடையாளமே இல்லை. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஐந்து லட்சம் பேராவது கொல்லப்பட்டார்களே, அந்தக் கொலைகள் படத்தில் இல்லை. 1980இல் பிறந்த திமோவின் தலைமுறை வளர்ந்தது இதைப் பார்த்துத்தான். எந்த ரத்தத்தைக் காட்ட வேணும், எதை மறைக்க வேணும் என்று அரசாங்கம் தீர்மானித்த நாடு அது.

திமோவின் பேய்ப்படங்களில் அந்த மதகுரு வருகிறதில்லை. வீட்டுக்குள் நடந்ததை வீட்டுப் பிள்ளைகள்தான் தோண்டி எடுக்க வேண்டியிருக்கு. 'த பிக் 4' (2022) என்னைப் பொறுத்தவரை அவருடைய பலவீனமான படம், பகிடி பாதி எடுபடவில்லை, நீளமோ நீளம். ஆனால் அதிலும் அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்துக் கொலைகாரராக்குகிற அந்த அன்பான அப்பாவின் பெயர் பெத்ருஸ். 1980களில் சுஹார்த்தோவின் ஆட்கள் சில்லறைக் குற்றவாளிகள் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் சுட்டு, உடல்களை வீதியில் போட்ட 'மர்மச் சூடுகளுக்கு' இந்தோனேசியச் சனம் வைத்திருக்கிற சுருக்கப் பெயரும் பெத்ருஸ்தான். அதிர்ச்சி வைத்தியம் என்று சுஹார்த்தோ தன் சுயசரிதையில் அதை நியாயப்படுத்தியும் இருக்கிறார். அந்தப் பெயரை ஒரு இந்தோனேசியர் சும்மா ஒரு பெயராகக் கேட்க ஏலாது.

சரி, ரத்தத்துக்கு வருவம். 'த நைட் கம்ஸ் ஃபோர் அஸ்' (2018) ஒரு கிராமத்தைச் சுட்டுக் கொல்வதோடு தொடங்குகிறது. ஜோ தஸ்லிமின் இத்தோ கொல்ல வந்தவர்களில் ஒருத்தன், ஒரு சின்னப் பிள்ளை முன்னால் நிற்கத் துவக்கைத் தன் ஆட்கள் பக்கம் திருப்புகிறான். அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் வெட்டும் குத்தும்தான். இறைச்சிக்கடைச் சண்டையில் கையில் அம்பிட்டதெல்லாம் ஆயுதம். எலும்பு முறிகிற சத்தம் கேட்கும், விழுந்தவன் உடனே சாகாமல் கிடந்து துடிப்பான். நாயகனும் படம் போகப் போகக் கிழிந்துகொண்டே போவான். அருவருப்பாய் இருக்கு என்றால், ஓம், இருக்கத்தான் வேணும். ஒரு குத்துக்கு இருபது பேர் பறக்கிற, சட்டை கசங்காத நாயகர்களுக்கு விசிலடிச்சுப்போட்டு, இதைப் பார்த்து 'வன்முறை கூடிப்போச்சு' என்று சொல்லுறது எனக்கு விளங்கேல்ல. அங்கே செத்தவனுக்கு நோகவே இல்லையே.

குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்தப் படத்தில் காப்பாற்றப்படுகிற பிள்ளை ரெய்னா அநேகமாக ஒரு சாமான் மாதிரித்தான் கைமாறுகிறாள். அவளுக்கு என்ன நடந்தது என்று அவள் வாயால் கேட்கவே இல்லை. 'த ஷடோ ஸ்ட்ரேய்ஸ்' வரும்போதுதான் அந்தப் பிள்ளை நடுவுக்கு வந்து, தன்னை வளர்த்தவர்களையே எதிர்த்து நிற்கிறாள். ஆள் வளர்ந்தது அங்கே. யாரும் வாழ்த்தினதை நான் காணேல்ல.

இனி 'நோபடி 2'. இதிலும் ஒரு அப்பா, அவருக்கும் கடன். முதல் பாகத்தில் ரஷ்யக் கும்பலின் பணத்தை எரித்ததுக்கு ஆட்களைப் போட்டுத் தள்ளிக் கணக்குத் தீர்க்கிறார். களைத்துப்போய், சின்ன வயசில் தன் தகப்பன் கூட்டிப்போன பழைய கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார். மகனும் தன்னைப்போல் வந்துவிடுவானோ என்று ஒரு பயம் அவருக்கு இருக்கு. அந்த இடத்தில் நான் நிமிர்ந்து இருந்தேன், இது திமோவின் கதை, இனித்தான் தோண்டப்போகிறார் என்று. தோண்டவில்லை. பூங்கா முழுக்கப் பொறி வைத்து, தாத்தாவும் சேர்ந்து சுட்டு, ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் சுபம். சண்டை நேர்த்தி, நானும் சிரித்தேன். ஆனால் பதினைஞ்சு வருசமாகக் கணக்குக் கேட்ட மனுசன், அந்தக் கடனைத் தள்ளுபடி செய்து தகப்பனைச் சுற்றுலா அனுப்பி வைத்திருக்கிறார். இதைத்தான் வளர்ச்சி என்கிறீர்கள்.

அடுத்தது ஜேசன் ஸ்டேதமோடு 'த பீகீப்பர்' ரெண்டாம் பாகமாம். போய்ப் பார்ப்பேன், அதில் சந்தேகமில்லை. அதுக்கு முதல் நீங்கள் 'ரூமா டாரா'வைத் (2009) தேடிப் பாருங்கோ, அவரும் கிமோவும் எடுத்த முதல் முழுநீளப் படம். வழியில் தனியாக நின்ற ஒரு பெண்ணுக்குக் கொஞ்சப் பெடியள் இரங்கி, வாகனத்தில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். வெளிக்கிடப் பார்க்க, சாப்பிட்டுப் போங்கோ என்று தாய் மறிக்கிறாள். மேசையில் எல்லாம் தயாராக இருக்கு.