நானோ வைரம்: பெயரும் பயனும்

வைரம் என்னும் சொல் விலையையும் உறுதியையும் ஒருங்கே நினைவூட்டுவது. அதனோடு 'நானோ' என்னும் அடைமொழியும் சேர்ந்துவிட்டால் விளம்பரத்துக்கு வேறொன்றும் வேண்டுவதில்லை. எஞ்சின் எண்ணெயிலும் முகப்பூச்சிலும் நானோ வைரம் கலந்திருப்பதாகக் கூறி விற்கும் காலம் இது. களப் பணியாளரிடமும் ஆசிரியரிடமும் மக்கள் இதன் மெய்ம்மையை வினவக் கூடும். 'உண்மை' என்றோ 'பொய்' என்றோ ஒரே சொல்லில் விடையிறுத்தல் தகாது. 'எந்த நானோ வைரம்?' என்று திருப்பிக் கேட்பதே விஞ்ஞான முறை என்பது எம் கருத்து.

ஏனெனில், இப்பெயரால் வழங்கும் பொருள்கள் குறைந்தது இருவகையாம்.

முதல் வகை வெடிப்பில் பிறப்பது. டி.என்.டி., ஆர்.டி.எக்ஸ். ஆகிய வெடிமருந்துகளின் கலவையை மூடிய எஃகுக் கலத்தினுள் வெடிக்கச் செய்தால், அவற்றிலுள்ள கரியணுக்களில் ஒரு பகுதி அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் கணப்பொழுதில் வைரமாகிறது. கிடைக்கும் புகைக்கரியை அமிலங்களால் தூய்மை செய்து வைரத்தைப் பிரிக்கின்றனர். 1963-இல் சோவியத் நாட்டில் கண்டறியப்பட்ட இவ்வுண்மை, 1980-களின் இறுதியிலேயே உலகோர்க்குப் பரவலாகத் தெரிந்தது.

இத்துகளின் குறுக்களவு 4 முதல் 5 நானோமீட்டர். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வைரத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.5 கிராம். துகளை 5 நானோமீட்டர் உருண்டையாகக் கொண்டு ஆசிரியர்கள் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம்: ஒரு கிராம் தூளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 340 சதுர மீட்டர் என வரும். மெருகிடுதல், எண்ணெயில் உராய்வு குறைத்தல், குரோமிய முலாத்தை உறுதிப்படுத்துதல் ஆகியவற்றில் துகளின் கடினத்தோடு இந்நுண்மையும் பயன்படுகிறது. ஆயினும் துகள்கள் ஒன்றோடொன்று இறுகத் திரண்டுவிடும் இயல்புடையவை. திரளைப் பிரிக்காவிடில் இப்பரப்பில் பெரும்பகுதி பயன்படாது. பரப்பின்மேல் மருந்தை ஏற்றி உடலுள் செலுத்தும் முயற்சி பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

இரண்டாம் வகை, உயர் அழுத்தத்தில் செயற்கையாக ஆக்கிய வைரத்தைப் பொடித்துப் பெறுவது. இதன் சிறப்பு ஒரு குறையில் அடங்கியுள்ளது. கரியணு இருக்கவேண்டிய ஓரிடத்தில் நைட்ரஜன் அணுவும், அதனை அடுத்த இடத்தில் வெற்றிடமும் அமைந்தால், பச்சை ஒளி பட்டதும் அது செவ்வொளி வீசும். அவ்வொளி எளிதில் மங்குவதில்லை. நுண்ணலைகளைச் செலுத்தி அதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலும்.

நோயறியும் சோதனைப் பட்டையில் இது பெரிதும் உதவக்கூடும். பட்டையின் காகிதம் தானே வீசும் ஒளி மாறாதிருக்க, வைரத்தின் ஒளி மட்டும் நாம் ஏவியபடி ஏறி இறங்குவதால், மிகச் சில துகள்களையும் பிரித்தறியலாம். வழக்கிலுள்ள தங்கத் துகள்களைவிட இது சுமார் 1 லட்சம் மடங்கு நுண்ணுணர்வுடையது என லண்டன் விஞ்ஞானிகள் 2020-இல் ஆய்வகச் சோதனையால் காட்டினர்.

வைரத்தின் ஒளிர்வு நம் நாட்டுக்குப் புதியதன்று. 1940-களில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், சர் சி. வி. இராமனின் ஆய்வகத்தில், அன்னா மணி அதனை ஆராய்ந்தார். ஒரு நிறமாலையைப் பதிவுசெய்ய 15 முதல் 20 மணி நேரம் வரை காத்திருக்க நேர்ந்ததுண்டு. 2023-இல் மத்திய அரசு ஒப்பிய தேசிய குவாண்டம் இயக்கத்தில் நுண்ணளவீடும் ஒரு துறையாக இடம்பெற்றுள்ளது. அன்றைய பொறுமை இன்றும் வேண்டும்.

ஆகவே, நானோ வைரம் என்று எவர் கூறினும் மூன்று வினாக்களை எழுப்புக: எம்முறையில் ஆக்கப்பட்டது? திரள் பிரிக்கப்பட்டதா? கூறப்படும் பயன் தொழிற்சாலையில் நிலைபெற்றதா, ஆய்வகத்தளவில் நிற்பதா? விற்பவர் விடை கூறாராயின் வாங்குவோர் விலகுதலே நன்று.

இது வெறும் பணநட்டத்தைப் பற்றிய கவலையன்று. பெயரை நம்பி ஏமாந்தவர்கள், நாளை மெய்யான சோதனைப் பட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தை எட்டும்போது அதனையும் ஐயுறுவர். அந்நம்பிக்கையைக் காக்கும் பொறுப்பு வகுப்பறையிலும் களத்திலும் பணியாற்றுவோரிடம் உள்ளது.