புலியா, யானையா?



சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே இருக்கும் அணைக்கட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதை ஆங்கிலத்தில் 'அனிகட்' என்பார்கள். நம் 'அணைக்கட்டு' என்ற சொல்லைத்தான் ஆங்கிலம் அப்படி வாங்கிக்கொண்டது. நம்மிடமே சொல் வாங்கிய மொழியைக் கண்டு பயப்படலாமா?

"ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியுது, வாக்கியம்தான் புரியல" என்று கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் பலர் கூனிக் குறுகிவிடுகிறார்கள். குறை உங்களிடம் மட்டும் இல்லை. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் தடுமாறும் வாக்கியங்கள் உண்டு.

1970-ம் ஆண்டு அமெரிக்க அறிஞர் தாமஸ் பீவர் ஒன்றைக் காட்டினார்: 'தி ஹார்ஸ் ரேஸ்டு பாஸ்ட் தி பார்ன் ஃபெல்.' 'குதிரை களஞ்சியத்தைத் தாண்டி ஓடியது' என்று படித்துக்கொண்டே வருவோம். கடைசியில் 'ஃபெல்' (விழுந்தது) என்று வந்ததும் திகைப்போம்!

சிக்கல் 'ரேஸ்டு' என்ற சொல்லில் இருக்கிறது. 'ஓடியது' என்பதற்கும், 'ஓட்டப்பட்ட' என்பதற்கும் அது ஒன்றே. இங்கே உண்மையான வினைமுற்று 'ஃபெல்'தான். 'களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது' என்பதே பொருள். 'ரேஸ்டு' இருக்கும் இடத்தில் 'ரிடன்' என்று போட்டுப் பாருங்கள், குழப்பம் பறந்துவிடும்!

இந்தத் தடுமாற்றம் தமிழுக்கும் புதிதல்ல. 'புலி கொல் யானை' என்றால், புலியைக் கொன்ற யானையா? புலியால் கொல்லப்பட்ட யானையா? இதற்குத் தொல்காப்பியம் 'தடுமாறு தொழிற்பெயர்' என்றே பெயர் வைத்திருக்கிறது. பின்னால் வரும் சொல்லைப் பார் என்று வழியும் சொல்கிறது. 'புலி கொல் யானை ஓடுகிறது' என்றால், உயிரோடு இருப்பது யானை. செத்த யானை ஓடாதே!

ஆங்கிலத்துக்கும் இதே வழிதான். வாக்கியம் குழப்பினால் நடுவில் நின்றுவிடாதீர்கள். கடைசிவரை படியுங்கள். வினைமுற்று எது என்று கண்டுபிடியுங்கள். 'அதைச் செய்தது யார்?' என்று கேளுங்கள். மீதிச் சொற்கள் தாமாகவே தத்தம் இடத்தில் உட்காரும்.

சரி, இப்போது உங்கள் முறை: 'தி கேர்ள் சென்ட் தி லெட்டர் ஸ்மைல்டு.' இதில் சிரித்தவள் யார்? கடிதத்தை அனுப்பியவளா, பெற்றவளா? வகுப்பில் நண்பர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். புரியாததைக் கேட்பது வெட்கமல்ல, குட்டீஸ். கேட்காமல் மனப்பாடம் செய்வதுதான் நஷ்டம்!